அடிமண்டி

அத்தியாயம் 1: கரித்துண்டும் குடுவையும்

1924-ஆம் வருஷம். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில் ஓர் இந்திய இளைஞரின் படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் படங்களை வரைந்த கை பகலெல்லாம் அமிலக் குடுவை பிடிக்கிற கை என்று?

பெயர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி. லக்னோவுக்குப் பக்கத்தில் பாராபங்கி மாவட்டம், சுபேஹா என்ற ஊர். பிறந்தது 1897. அலிகரில் பட்டம் வாங்கினார். எதில்? தத்துவத்திலும் பாரசீகத்திலும்! 1920-ல் மருத்துவம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். ஒரே வருஷம்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய் வேதியியலில் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு ஒரு பையன் இப்படிச் செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான சௌத்ரி கலீக்குஸ்ஸமான் பிற்பாடு முஸ்லிம் லீக்கின் பெருந்தலைவர்களில் ஒருவரானார். வீடே அரசியலில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிள்ளை மட்டும் தூரதேசத்தில் படம் போட்டுக்கொண்டும் குடுவை கழுவிக்கொண்டும் இருந்தது.

அவர் போய் இறங்கிய ஜெர்மனி லேசுப்பட்ட இடமல்ல. முதல் உலகப் போரில் தோற்ற நாடு. 1923-ல் பணம் வெறும் காகிதமாயிற்று. அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சம் கோடிக்கும் மேல் மார்க். காலையில் வாங்கிய சம்பளத்துக்குச் சாயங்காலம் ரொட்டி கிடைக்காது. அந்தக் கூத்துக்கு நடுவில் படித்தார், படம் வரைந்தார், கூடப் படித்த எதெல் என்ற ஜெர்மன் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார்.

வாத்தியார் பெயர் யூலியஸ் ஃபான் பிரௌன். ராக்கெட் விட்ட ஃபான் பிரௌன் வேறு, இவர் வேறு. நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மங்களை முறித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் மன்னன். அவர் பெயரிலேயே ஒரு வேதிவினை உண்டு. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், செடிகளுக்குள் ஒளிந்திருக்கிற வீரியமான சரக்குகளில் ஒரு பெரிய கூட்டம் இந்த நைட்ரஜன் சாதிதான். சின்கோனாப் பட்டையின் குயினைன், அபினியின் மார்ஃபின், புகையிலையின் நிகோடின் எல்லாமே. ஆல்கலாய்டு என்பார்கள். எந்தக் கதவைத் திறக்கப் போகிறோம் என்று தெரியாமலே சாவியைச் செய்து வைத்துக்கொண்டார் சித்திக்கி.

1927-ல் டாக்டர் பட்டம் கைக்கு வந்தது. கதவு டெல்லியில் காத்திருந்தது.

டெல்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் என்றால் தெரியாதவர் கிடையாது. முகலாயர் காலத்திலிருந்து வைத்தியம் பார்த்த குடும்பம். யுனானி மருத்துவத்தில் அவர் சொன்னதுதான் வேதவாக்கு. 1921-ல் சித்தரஞ்சன் தாஸ் சிறையில் இருந்ததால், அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர்தான். ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் இவரே. கரோல் பாகில் ஆயுர்வேதத்தையும் யுனானியையும் ஒரே கூரையின் கீழ் சொல்லிக்கொடுக்க அவர் கட்டியெழுப்பிய திப்பியா கல்லூரியைத் திறந்து வைத்தவர் காந்தி.

அஜ்மல் கானுக்கு ஓர் ஆசை. பரம்பரை பரம்பரையாகக் கொடுத்துவருகிற மூலிகை வேலை செய்கிறது, சரி. எது வேலை செய்கிறது? எப்படி? இதை மேல்நாட்டு வேதியியலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். பாட்டன் சொன்னான் என்பதற்காக நம்பவும் கூடாது, பாட்டன் சொன்னான் என்பதற்காகத் தள்ளவும் கூடாது. அந்தக் காலத்தில் இப்படி யோசித்த வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்குத் தோதான ஆள் சித்திக்கிதான் என்று முடிவு செய்தார். திப்பியா கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். இயக்குநர், 30 வயது சித்திக்கி.

வேலை தொடங்கிய சூட்டோடு, 1927 டிசம்பர் கடைசியில், அஜ்மல் கான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

கூப்பிட்டவர் இல்லை. கூடத்துக்கு முகமாக இருந்தவர் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் படித்தவருக்கு வேறு வேலையா கிடைக்காது? ஆனால் சித்திக்கி பெட்டியைக் கட்டவில்லை. கையில் ஒரு வேரை எடுத்தார். சுருண்டு நெளிந்து, பார்ப்பதற்குப் பாம்புபோல இருந்த வேர். பீகார்ப் பக்கத்து ஜனங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பைத்தியத்துக்கு மருந்து’.

(தொடரும்)

அத்தியாயம் 2: ஐந்து பெயர்கள்

சர்ப்பகந்தா. முழங்கால் உயரத்துக்கு வளரும் குத்துச்செடி. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். பாம்புக்கடிக்கு, தேள்கடிக்கு, காய்ச்சலுக்கு, தூங்காமல் கத்துகிறவர்களுக்கு என்று பல நூறு வருஷங்களாக இந்தியாவில் புழங்கிய வேர். நல்லபாம்போடு சண்டைக்குப் போகுமுன் கீரி இந்தச் செடியைக் கடித்துவிட்டுத்தான் போகும் என்று ஒரு கதையும் உண்டு. கீரி கடிக்கிறதோ இல்லையோ, கதைக்கு வயசு அதிகம்.

மேல்நாட்டுத் தாவரவியலில் இதற்கு ரௌல்ஃபியா என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ரௌல்ஃப் என்ற ஜெர்மன் வைத்தியர் இருந்தார். அவர் செத்து நூறு வருஷத்துக்குப் பிறகு, ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மரியாதைக்காக அவர் பெயரை வைத்தார். ரௌல்ஃப் இந்தியப் பக்கமே வந்ததில்லை. அலெப்போவுக்குப் போனவர், அங்கே ஜனங்கள் கறுப்பாக ஏதோ கொதிக்கவைத்துக் குடிப்பதைப் பார்த்து ஐரோப்பாவுக்கு எழுதினார். அதுதான் காப்பி. காப்பியைப் பற்றி எழுதிய முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் என்பதற்காகவே நம்மூரில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். இரண்டாவது டிக்காஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் தங்குகிற மண்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.

வேருக்கு வருவோம். ஒரு செடியிலிருந்து ஆல்கலாய்டு எடுப்பது என்பது ஏறக்குறைய கஷாயம் வைக்கிற வேலைதான், பொறுமை மட்டும் நூறு மடங்கு. காய்ந்த வேரை இடித்துச் சாராயத்தில் ஊறப்போட வேண்டும். வடித்து, சாராயத்தை ஆவியாக்கி ஓட்டினால் அடியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒன்று தங்கும். அதன் மேல் நீர்த்த அமிலத்தை ஊற்ற வேண்டும். ஆல்கலாய்டு காரக் குணம் உள்ளது. அமிலத்தைக் கண்டால் உப்பாக மாறித் தண்ணீரோடு கரைந்து வந்துவிடும். வராதது வடிதாளின் மேல் பிசினாகத் தங்கும். கரைந்து வந்ததில் அம்மோனியாவை விட்டால் ஆல்கலாய்டு திரியும், பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. அப்புறம் கழுவு, கரை, வடி, ஆறவை. மறுபடி கழுவு, கரை. ஒரு நாள் குடுவையின் ஓரத்தில் ஊசி ஊசியாக ஏதாவது மின்னும். படிகம்! வேதியியல்காரனுக்குத் தீபாவளி அன்றைக்குத்தான்.

படிகம் என்றால் கலப்படமில்லாத ஒரே சரக்கு என்று பொருள். உருகுநிலை பார்க்கலாம், எடை பார்க்கலாம், பெயர் வைக்கலாம். பிசினை என்ன செய்வது? அதில் நூறு சரக்கு கலந்து கிடக்கும். உருகுநிலையும் கிடையாது, உருவமும் கிடையாது. படிகத்தின் பின்னால் போ, பிசினை ஒதுக்கு. அந்தத் தலைமுறைக்கு இதுதான் பாலபாடம்.

1931-ல் சித்திக்கியும் ரஃபாத் ஹுசைன் சித்திக்கியும் சேர்ந்து இந்திய வேதியியல் கழகத்தின் இதழில் தங்கள் அறுவடையை வெளியிட்டார்கள். ஒன்றல்ல, ஐந்து ஆல்கலாய்டுகள். வெள்ளையாக மூன்று, மஞ்சளாக இரண்டு. மஞ்சளுக்குச் செடியின் பாம்புப் பெயரையே கொடுத்தார்கள்: செர்பெண்டின், செர்பெண்டினின். வெள்ளைக்கு வைத்த பெயர்கள் அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின்.

அஜ்மல். கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிய ஹக்கீமின் பெயர். கல்வெட்டோ சிலையோ வைக்காமல் ஒரு மூலக்கூறின் தலையில் எழுதி வைத்துவிட்டார். இப்படி ஓர் அஞ்சலியை வேறெங்கும் நான் படித்ததில்லை. கல்வெட்டைப் பெயர்த்து எடுக்கலாம், தெருப்பெயரை மாற்றலாம். மூலக்கூறின் பெயரில் யாரும் கைவைக்கப் போவதில்லை.

ஹாலந்துக்காரர்களும் அதே சமயம் அதே வேரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டுரை வந்தது 1932-ல். கரோல் பாக் முந்திக்கொண்டது.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. ஆனால் அதே 1931-ல், கல்கத்தாவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள். அவர்கள் ஆல்கலாய்டு, படிகம் எதற்கும் போகவில்லை. வேரைக் காயவைத்து இடித்த பொடியையே, வேளைக்கு 20 முதல் 30 கிரெயின் எடை அளவில், தினம் இரண்டு வேளை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வெறிபிடித்துக் கத்தியவர்கள் அடங்கினார்கள், தூங்கினார்கள். இரத்த அழுத்தமும் இறங்கியது. பீகார் ஜனங்கள் வைத்த பெயர் வெறும் பெயரில்லை.

டெல்லியில் தவளைகளுக்கு அந்தப் படிகங்களைச் செலுத்திப் பார்த்திருந்தார்கள். வெள்ளைச் சரக்கு இதயத்துடிப்பையும் மூச்சையும் தளர்த்தியது. மஞ்சள் சரக்கு மூச்சை முடக்கி, இதயத்தை மட்டும் உசுப்பியது. ஏதோ செய்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் வேரைத் தின்றவனுக்கு வருகிற அந்த நிதானம், அந்தத் தூக்கம்? ஐந்து பெயர்களில் எதற்கும் அது சேரவில்லை.

வேர் தூங்கவைக்கிறது. வேரிலிருந்து எடுத்த படிகங்கள் தூங்கவைக்கவில்லை. அப்படியென்றால், தூக்கம் எங்கே போனது?

(தொடரும்)

அத்தியாயம் 3: வடிதாளில் தங்கியது

விடை வர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1933-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் கூட இருந்தவர்களும் இதே வேரை ஆராய்ந்தார்கள். 1944-ல் இந்திய ஆய்வாளர்கள் மூன்று பேர், தூக்கம் தருகிற சரக்கு ஆல்கலாய்டுப் பங்கில் இல்லை, பிசின் பங்கில் இருக்கிறது என்று எழுதியே விட்டார்கள். எழுதியது இந்திய மருத்துவ இதழில், உலகப் போர் நடுவில். யார் படித்தார்கள்?

பம்பாயில் ருஸ்தம் ஜல் வக்கீல் என்ற இதய மருத்துவர் விடாக்கண்டர். நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தா மாத்திரை கொடுத்து, வாரா வாரம் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துவைத்தார். 50 பேரின் கணக்கை 1949-ல் ஆங்கிலேயர்களின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். மேல்நாடு நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் என்ற டாக்டர் இந்தியாவிலிருந்து மாத்திரை தருவித்துத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் இறங்கியது. கூடவே நோயாளிகள் அலட்டிக்கொள்ளாமல், சாவகாசமாக, சிரித்த முகத்தோடு வந்து போனார்கள்.

இதற்குள் ஸ்விட்ஸர்லாந்தின் பேசல் நகரத்தில் சீபா மருந்துக் கம்பெனியின் ஆட்கள் வேரைக் கையில் எடுத்திருந்தார்கள். எமில் ஷ்லிட்லர், யோஹான்னஸ் முல்லர், ஹியூகோ பைன். முதல் இருவர் பிரிக்கிறவர்கள், மூன்றாமவர் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறவர். படிகங்களின் கதை அவர்களுக்குத் தெரியும். அதனால் படிகத்தை விட்டுவிட்டு, எல்லோரும் ஒதுக்குகிற அடிமண்டிப் பிசினில் கைவைத்தார்கள். அதை மறுபடி பங்கு பங்காகப் பிரி, ஒவ்வொரு பங்கையும் பிராணிக்குக் கொடு, எது தூங்கவைக்கிறதோ அதை மட்டும் மேலும் பிரி. வருஷக்கணக்கில் இதே வேலை.

1952 செப்டம்பரில் ஒரு பக்கக் கணக்கில் அடங்குகிற சின்னக் குறிப்பு வெளியானது. பிசினுக்குள்ளிருந்து ஒரு படிகம். பெயர் ரெசர்பின். மிகச் சின்ன அளவு போதும், ஆள் அடங்கிவிடுவான்.

ஏன் இது சித்திக்கி கையில் சிக்கவில்லை? போன அத்தியாயத்தில் சொன்ன கஷாய முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமிலத்தைக் கண்டால் ஆல்கலாய்டு உப்பாகித் தண்ணீருக்கு வந்துவிடும் என்றேன் அல்லவா? அஜ்மலினும் செர்பெண்டினும் நல்ல காரக் குணம் உள்ளவை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தன. ரெசர்பினும் ஆல்கலாய்டுதான், ஆனால் காரக் குணம் ரொம்ப மெலிந்தது. அமிலம் கூப்பிட்டபோது அது நகரவில்லை. பிசினோடு ஒட்டிக்கொண்டு வடிதாளிலேயே உட்கார்ந்துவிட்டது. சித்திக்கி செய்தது தவறே இல்லை. பாடப்புத்தகம் சொன்னபடி, பிசகாமல் செய்தார். பிசகாமல் செய்ததால்தான் தப்பிப்போனது.

பேசலிலிருந்து கிளம்பிய அந்த மாத்திரை உலகத்தை ஒரு சுற்று சுற்றியது. நியூயார்க் ராக்லாண்டு மனநோய் மருத்துவமனையில் நாதன் கிளைன் 1954-ல் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சங்கிலியும் குளிர்நீர்த் தொட்டியும் மின்அதிர்ச்சியுமே வைத்தியமாக இருந்த இடங்களில், மாத்திரையால் மனநோய்க்கு வழி உண்டு என்ற நம்பிக்கை அந்த வருஷங்களில்தான் பிறந்தது. 1956-ல் ஹார்வர்டின் ராபர்ட் வுட்வர்ட் செடியே இல்லாமல் ரெசர்பினை முழுக்க முழுக்கக் குடுவைக்குள் கட்டிக் காட்டினார். வேதியியல்காரர்கள் இன்றும் அதை ஒரு கோயில் சிற்பம்போலப் பார்க்கிறார்கள்.

நம் ஊரிலும் அது வந்தது. அப்பா, தாத்தாவின் மருந்து டப்பாவில் ‘அடெல்ஃபேன்’ என்ற மாத்திரை இருந்தது நினைவிருக்கிறதா? பிரஷர் மாத்திரை என்றாலே ஒரு தலைமுறைக்கு அதுதான். அதில் இருந்த முக்கியமான இரண்டு சரக்குகளில் ஒன்று ரெசர்பின். பீகார்க் காட்டு வேர், ஸ்விட்ஸர்லாந்து போய், அட்டையில் அடைபட்டுத் திரும்பி வந்திருந்தது.

கூடவே ஒரு சங்கடமும் வந்தது. சில நோயாளிகள் அமைதிக்கு அப்பால் போனார்கள். எதிலும் பிடிப்பில்லாத சோர்வு, இருட்டு. அழுத்தத்துக்காக மாத்திரை சாப்பிட்டவர்கள் காரணமில்லாமல் அழுதார்கள். இரண்டே இரண்டு நோய்க்கு மருந்து என்று நினைத்த ஒன்று, மனிதனின் மனசையே ஒரு மூலக்கூறு மாற்ற முடியும் என்று காட்டிவிட்டது. அப்படியானால் மூளைக்குள் அது எதைத் தொடுகிறது?

ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்ஸன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கப்போட்டு, கல்லாய்ச் சமைந்து கிடந்தன. மூளை நரம்புகள் சேமித்துவைத்திருந்த டோபமின் முதலான சரக்குகளை ரெசர்பின் காலி செய்திருந்தது. பிறகு அந்த முயல்களுக்கு, உடம்புக்குள் போய் டோபமினாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தினார். சில நிமிடங்களில் முயல்கள் எழுந்து, காதை நிமிர்த்தி, ஓடத் தொடங்கின. 1957-ல் வந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் பார்க்கின்ஸன் நோய்க்கு இன்றுவரை கொடுக்கிற மருந்துக்கு வழி பிறந்தது. 2000-ல் கார்ல்ஸனுக்கு நோபல் பரிசு. அந்தப் பரிசின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், கையில் ஒரு வடிதாளும் அதன்மேல் கொஞ்சம் பிசினும் வரும்.

பேசலில் ரெசர்பின் மின்னிய 1952-ல் சித்திக்கி எங்கே இருந்தார்? டெல்லியில் இல்லை. இந்தியாவிலேயே இல்லை. ஆனால் ஊரைவிட்டுக் கிளம்புமுன் அவர் இன்னொரு புட்டியைத் திறந்துவிட்டுத்தான் போயிருந்தார். திறந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கிற புட்டி. உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

(தொடரும்)

அத்தியாயம் 4: கசப்பு

வேப்பெண்ணெய்.

சொறிக்கு, பேனுக்கு, புண்ணுக்கு, மாட்டின் ஈ விரட்ட என்று எதற்கெடுத்தாலும் பாட்டிமார்கள் நீட்டிய அதே புட்டி. கசப்புக்கும் நாற்றத்துக்கும் பயந்து பிள்ளைகள் ஓடும். அந்தக் கசப்பு என்ன என்று அதுவரை யாரும் சுத்தமாகப் பிரித்து எடுத்துக் காட்டவில்லை.

1940-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் கூப்பிட்டு, சித்திக்கி திப்பியா கல்லூரியை விட்டு அரசாங்க ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். சிஎஸ்ஐஆர் என்று இன்று நாம் சொல்கிற அமைப்பு உருவாகிக்கொண்டிருந்த நேரம். அதற்கு முன்பே வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கிற குடசப்பாலைப் பட்டையில் புதுப் புது ஆல்கலாய்டுகளை எடுத்து முடித்திருந்தார். இப்போது வேம்பு. இதில் ஆல்கலாய்டு சாவி செல்லாது, கசப்பு வேறு சாதி. எண்ணெயை ஈதர், பெட்ரோலிய ஈதர், எத்தில் அசிடேட், நீர்த்த சாராயம் என்று ஒவ்வொரு கரைப்பானிலும் மாற்றி மாற்றிக் குலுக்கிப் பிரித்தார்.

1942-ல் மூன்று பெயர்கள். நிம்பின், 205 டிகிரியில் உருகும் படிகம். நிம்பினின், 192 டிகிரி. மூன்றாவது நிம்பிடின், படிகமாகாத, பாலேட்டு நிறப் பொடி. மூன்றிலும் கசப்பு. வேம்பின் வேதியியல் என்று இன்று நூலகம் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. முதல் பக்கம் இதுதான்.

ஆனால் பாருங்கள், இங்கேயும் அந்த அடிமண்டி விடவில்லை.

1959-ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து இறங்கியது. பச்சை என்று எது இருந்தாலும் மொட்டையடித்தது. வேப்பமரங்கள் மட்டும் தழைத்து நின்றன. அங்கே இருந்த ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் அதைக் கவனித்தார். எதற்குப் பயந்து பூச்சி ஓடுகிறது? நிம்பினுக்கா? இல்லை. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் வேப்பங்கொட்டையைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெட்டுக்கிளிக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்து, 1968-ல் அதைப் பிடித்தார்கள். அசாடிராக்டின். அதன் வடிவத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளவே 1980-கள் ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் 22 வருஷம் மல்லுக்கட்டி 2007-ல்தான் அதைக் குடுவையில் செய்து முடித்தார்கள்.

அது தங்குகிற இடம்தான் வேடிக்கை. செக்கில் எண்ணெய் பிழிந்த பிறகும் அதில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே கிடக்கும். நம் விவசாயி வயலுக்கு வேப்பம்புண்ணாக்கு போடுவதும், 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து 100 லிட்டர் கரைசலாக்கித் தெளிப்பதும், தெளிப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்வதும் வெறும் பழக்கமில்லை. வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும்.

சித்திக்கி இரண்டு தடவை புதையலுக்குப் பக்கத்தில் தோண்டி, வேறு பானையை எடுத்து வந்தவரா? அப்படித்தான் முதலில் எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இரண்டு தடவையும் பின்னால் வந்தவர்கள் ஜெயித்தது ஒரே தந்திரத்தில். படிகம் எங்கே என்று தேடாமல், பிராணி எங்கே படுக்கிறது, பூச்சி எங்கே முகம் திருப்புகிறது என்று பார்த்துக்கொண்டே பிரித்தார்கள். அதற்கு விலங்குக்கூடம் வேண்டும், ஆள் வேண்டும், பேசல் கம்பெனியின் பணம் வேண்டும். 1931-ன் கரோல் பாகில் இருந்தது சில தவளைகள்.

1947 வந்தது. தேசம் இரண்டாயிற்று. கலீக்குஸ்ஸமான் பாகிஸ்தான் போனார். சித்திக்கி போகவில்லை, டெல்லியிலேயே வேலையைப் பார்த்தார். 1951-ல் பிரதமர் லியாகத் அலி கான் அழைப்பு அனுப்பினார்: புது நாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்கூட ஒழுங்காக இல்லை, வந்து கட்டிக்கொடுங்கள். 54-வது வயதில், 24 வருஷ டெல்லி வாழ்க்கையை மூட்டை கட்டினார். 1953-ல் சிஎஸ்ஐஆருக்கு அண்ணன் தம்பிபோல ஒன்றைக் கராச்சியில் உருவாக்கினார். 1961-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

பணி ஓய்வுக்குப் பிறகும் உட்காரவில்லை. கராச்சிப் பல்கலைக்கழகம் 1967-ல் கூப்பிட்டு ஒரு வேதியியல் ஆய்வு மையத்தைக் கையில் கொடுத்தது. பிற்பாடு ஹுசைன் இப்ராஹிம் ஜமால் அறக்கட்டளையின் நன்கொடையால் அந்தப் பெயரையே தாங்கி வளர்ந்தது. அங்கே அவர் மறுபடி எடுத்தது எதை? வேம்பை. 1942-ல் விட்ட இடத்திலிருந்து. 1980-களில், 85 வயதைத் தாண்டியும், வேப்பிலையிலும் கனியிலும் இருந்து புதுச் சரக்குகள் எடுத்ததாக அவர் பெயரில் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. விட்டுப்போன மண்டியைத் தேடிக் கிழவர் திரும்பிப் போனார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. 1994 ஏப்ரலில், 96 வயதில், கராச்சியில் காலமானார்.

அஜ்மலின் என்ன ஆயிற்று? தூங்கவைக்காத, இரத்த அழுத்தப் போட்டியில் தோற்றுப்போன அந்த வெள்ளைப் படிகம்?

ரெசர்பின் மெல்ல மெல்ல மருந்துக்கடைகளிலிருந்து பின்வாங்கியது. அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் வந்துவிட்டன. அஜ்மலினை ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒழுங்குபடுத்தக் கொடுத்துவந்தார்கள். 1992-ல் ஸ்பெயின்காரச் சகோதரர்கள் பெட்ரோ, ஜோசப் புருகாடா ஒரு விசித்திரமான நோயைப் பற்றி எழுதினார்கள். வெளியில் எந்தக் கோளாறும் தெரியாத மனிதர், பெரும்பாலும் ஆண், ராத்திரி தூக்கத்திலேயே இதயம் தடம் புரண்டு இறந்துபோவார். தெரிந்த முக்கியக் காரணம், இதயத்துச் செல்களில் சோடியம் போகிற வாசலில் ஒரு குறை. சாதாரண ஈசிஜியில் பல சமயம் அது ஒளிந்துகொள்ளும்.

ஒளிந்திருப்பதை வெளியே இழுக்க ஒரு சோதனை உண்டு. ஐரோப்பிய மருத்துவமனை ஒன்றில் இன்றைக்கும் யாராவது ஓர் இளைஞன் அதற்காகப் படுத்திருப்பான். அப்பாவோ அண்ணனோ தூக்கத்தில் இறந்திருப்பார். மார்பெல்லாம் கம்பிகள், பக்கத்தில் அதிர்ச்சி கொடுக்கிற கருவி தயார். நரம்பில் மருந்து ஏறத் தொடங்கும். கிலோ எடைக்கு 1 மில்லிகிராம், சில நிமிடங்களில் சொட்டுச் சொட்டாக. அது சோடியம் வாசலை இன்னும் கொஞ்சம் சாத்தும். குறை இருந்தால், திரையில் ஓடுகிற கோடு மேலெழும்பி, வளைந்து, காட்டிக்கொடுத்துவிடும். சீக்கிரமே உடம்பைவிட்டு நீங்கிவிடும் என்பதால் இந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

டாக்டர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாதி கையிலிருக்கும் குப்பியில் எழுதியிருப்பது ஒரு டெல்லி ஹக்கீமின் பெயர்.

(முற்றும்)